பதினான்கு முறை அழித்த முதல் பத்தி

கேள்வி: ஆறு வருடங்களாகப் பத்திரிகைகளுக்குத் தனியாகக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் 800, 1,000 சொற்களுக்குள்தான். இப்போது ஒரு சிறப்பிதழுக்காக, இரவுப்பணி செய்பவர்களின் தூக்கம் பற்றி 4,000 சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வாரம் அவகாசம் கொடுத்தார்கள். பேட்டிகள் முடிந்துவிட்டன. குறிப்புகள் மட்டும் 62 பக்கம். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி, முதல் பத்தியைத் தாண்டவில்லை. பதினான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். முன்பெல்லாம் கெடு நெருங்கினால் தானாக வேகம் வரும். இந்த முறை பயம்தான் வருகிறது. ஆசிரியர் இரண்டு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. இரவு மூன்று மணி வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சாட்ஜிபிடியிடம் கொடுத்தாவது ஆரம்பித்துவிடலாமா என்று தோன்றுகிறது. பேட்டி கொடுத்த ஒரு செவிலியர், "பகல்ல தூங்கறதுக்கு வீட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் பர்மிஷன் வாங்கணும்" என்றார். தூங்கப் போகும் முன் காலிங் பெல்லின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பாராம். அது மனதை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அதை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. எனக்கு எழுத்தே வராமல் போய்விட்டதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, எழுத்து உங்களை விட்டுப் போகவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மற்றவர்களின் கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, திருத்தி, அச்சுக்கு அனுப்புவதுதான் முப்பது வருடமாக என் வேலை. சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன், சொல்ல நிறைய இருந்தும் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காலிங் பெல்லின் ஸ்விட்சைக் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தவருக்கு எழுத்து வற்றிப்போய்விட்டது என்று என்னால் நம்ப முடியாது.

எழுத முடியாமல் நின்றுபோவதைக் குறிக்கும் "ரைட்டர்ஸ் பிளாக்" என்ற பெயரை 1940களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். எழுத்தாளரின் ஆழ்மனத்தில் அதற்குக் காரணம் தேடினார் அவர். பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் எனக்கு அந்தப் பெயர் மேல் ஒரு குறை உண்டு. வெவ்வேறு காரணங்களால் வரும் நின்றுபோதல்களை எல்லாம் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. காய்ச்சல் என்று வருபவரிடம் மருத்துவர் எதனால் காய்ச்சல் என்றுதானே பார்ப்பார்? அதேபோல நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு நான் எல்லோரிடமும் செய்து பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, "இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லுங்கள். ஒரு நிமிடத்திலேயே பேச்சு தீர்ந்துவிட்டால் உங்களிடம் விஷயம் போதவில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் மேஜையில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை, எழுந்து போய் இன்னும் இரண்டு பேரிடம் பேச வேண்டும். இரண்டு நிமிடம் முடிந்தும் "அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று" என்று போய்க்கொண்டே இருந்தால், விஷயம் இருக்கிறது, எது முக்கியம் என்ற முடிவு இல்லை. வாயால் தெளிவாகச் சொல்ல முடிந்து, கை மட்டும் ஓடவில்லை என்றால் அது பயம். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இரண்டாவதில் மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்றதால் மூன்றாவதும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் அந்தப் பதினான்கு முறை அழித்ததைப் பற்றிப் பேசுவோம்.

மைக் ரோஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பத்துக் கல்லூரி மாணவர்கள். அதில் ஐந்து பேருக்கு எழுத்து எளிதாக வந்தது, ஐந்து பேர் அடிக்கடி நின்றுபோனார்கள். நின்றுபோனவர்களுக்குத் திறமை குறைவு என்று அவர் காணவில்லை. அவர்களிடம் இருந்தது விதிகள். முதல் வரியே வாசகரைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது ஒருவரின் விதி. ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே பிழையில்லாமல் வர வேண்டும் என்பது இன்னொருவரின் விதி. இன்னொருவர் நாள்கணக்கில் சிக்கலான திட்டம் போட்டார். அந்தத் திட்டத்திலிருந்து கட்டுரைக்கு வர அவருக்கு வழியே இல்லாமல் போனது. எளிதாக எழுதிய ஐவரிடமும் விதிகள் இருந்தன. ஆனால் ஒரு விதி உதவவில்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்தார்கள். வேறுபாடு அங்கேதான்.

உங்கள் 62 பக்கக் குறிப்பும் பதினான்கு முதல் பத்திகளும் எனக்கு அந்த மாணவர்களைத்தான் நினைவுபடுத்துகின்றன. நீங்கள் எழுதும்போதே உங்களுக்குள் இருக்கும் ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் நல்லவர்தான், பின்னால் அவரில்லாமல் முடியாது. ஆனால் அவருக்குத் திருத்த ஏதாவது இருக்க வேண்டும். ஒரு பத்தியை மட்டும் கொடுத்தால் அதையே சுரண்டிக்கொண்டிருப்பார். நாலாயிரம் சொல் கொடுங்கள், அவருக்கு உருப்படியான வேலை கிடைக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் பத்தி என்பது கட்டுரைக்குள் நுழையும் வாசல். வீட்டின் அறைகள் எங்கே என்று தெரியாமல் வாசலை எங்கே வைப்பது? நான் வாங்கிய நல்ல கட்டுரைகளில் பாதிக்கு மேல், இப்போது முதல் பத்தியாக இருப்பது எழுதியவர் நடுவில் எங்கோ எழுதியதுதான். மேலே தூக்கி வைத்தது நானோ அவரோ. அதனால் அடுத்த ஐந்து நாள்களுக்கு முதல் பத்தி எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இது ஒரு கட்டளை மாதிரி இருந்தால் மன்னியுங்கள், ஆனால் இந்த ஒன்றில் நான் கண்டிப்பாகவே இருப்பேன்.

சரி, முடிவு எடுப்பது எப்படி?

62 பக்கத்தையும் மூடி வையுங்கள். ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, குறிப்பைப் பார்க்காமல், பேட்டிகளிலிருந்து நினைவில் நிற்பதை மட்டும் எழுதுங்கள். ஏழெட்டு வரி வரும். இத்தனை நாள் கழித்தும் உங்களிடம் ஒட்டிக்கொண்டிருப்பது வாசகரிடமும் ஒட்டும். பிறகு அந்த வரிகளைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: இதைப் படித்து முடித்த ஒருவர், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வார்? ஒரே வாக்கியம்தான் அனுமதி.

உங்களுக்குப் பதிலாக நான் எழுதிவிடக் கூடாது, இருந்தாலும் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். இரவில் வேலை செய்பவருக்குப் பகல் தூக்கம் என்பது தானாக வருவதில்லை, கூட இருப்பவர்கள் கொடுத்தால்தான் கிடைக்கிறது. அந்தச் செவிலியர் "பர்மிஷன்" என்ற ஒரு சொல்லில் உங்கள் கட்டுரையைச் சொல்லிவிட்டார். அதை எங்கே வைப்பது என்று நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் அது ஒரு துணுக்கு இல்லை என்பதுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் உட்கார வேண்டும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்புகளுக்குத் திரும்பிப் போனால் எதை விடலாம் என்பது தெரியும். உதாரணமாக, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவுப்பணியை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வகையில் சேர்த்ததும், 2019-இல் மறுபடி பார்த்து அதே வகையில் வைத்ததும் உங்கள் குறிப்பில் நிச்சயம் இருக்கும். கனமான தகவல், அதனால் அதிலிருந்து தொடங்கச் சொல்லி மனம் இழுத்திருக்கும். ஆனால் உங்கள் கட்டுரையில் அதற்கு இரண்டு வாக்கியம் போதும். வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைவது, உடலின் கடிகாரம் பகலில் நம்மை விழித்திருக்கச் சொல்வது, இதெல்லாம் ஒரு பத்தி. அகல உழுவதை விட ஆழ உழுவதுதான் இங்கே நல்லது. விட்டுப்போகும் குறிப்புகள் வீண் என்று வருத்தப்படாதீர்கள். அவை உங்களிடம் இருப்பதால்தான் மிச்சம் இருப்பதை உறுதியோடு எழுத முடியும்.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வரைவை அதனிடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. "தூக்கம் மனித வாழ்வில் இன்றியமையாதது" என்பது போன்ற ஒரு தொடக்கத்தைத்தான் அது பெரும்பாலும் தரும். நீங்கள் பதினான்கு முறை அழித்தது அப்படிப்பட்ட பத்தியைத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் செவிலியரை அதற்குத் தெரியாது. வேண்டுமானால், எழுதி முடித்த ஒரு பகுதியைக் கொடுத்து, "இதைப் படிப்பவருக்கு என்னென்ன கேள்விகள் வரும்?" என்று கேளுங்கள். அந்த அளவுக்கு உதவும். கேட்பதற்கு முன், பேட்டி கொடுத்தவர்களின் பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள்.

இனி பயத்துக்கு வருகிறேன். கெடு நெருங்கினால் முன்பு வேகம் வந்தது, இப்போது வரவில்லை என்கிறீர்கள். இதில் வியப்பில்லை. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் 1908-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எளிய வேலையைக் கற்கும்போது அழுத்தம் கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமான வேலையில் கொஞ்சம் அழுத்தம் உதவியது, அதற்கு மேல் போனதும் கெடுத்தது. எலியை வைத்து மனிதரை முழுக்க விளக்க முடியாதுதான். ஆனால் எழுதுகிறவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 800 சொல் கட்டுரை உங்களுக்குப் பழகிய வேலை, கெடு அதை விரட்டி முடிக்க வைத்தது. 4,000 சொல் உங்களுக்குப் புதிய வேலை. அதே கெடு இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. அதனால் செய்ய வேண்டியது, 4,000 சொல்லை மறுபடி உங்களுக்குப் பழகிய அளவுக்கு உடைப்பது. ஆறு துண்டுகள், ஒவ்வொன்றும் 700 சொல்லுக்குள். ஆறு சின்னக் கட்டுரைகள் எழுத உங்களுக்குத் தெரியும். ஆறு வருடமாக அதைத்தானே செய்கிறீர்கள்.

கை ஓடாதபோது வாயால் எழுதுங்கள். இதை நான் ஒரு மோசமான இரவில் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். எங்களோடு இருந்த ஒரு மூத்தவர் இறந்துவிட்டார். அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்பு இரவு பதினோரு மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். என்னை எழுதச் சொன்னார்கள். ஒன்பதரை வரை ஒரு வரிகூட எழுதவில்லை. பெரிய மனிதர், அதனால் பெரிய சொற்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பொறுப்பாசிரியர் வந்தார், என் தாளைக் கவிழ்த்து வைத்தார், எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அவர் உன்னைக் கடைசியாக எதற்குத் திட்டினார்?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டதற்காக, அந்த ஊர்க்காரர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கும் வரை அவர் என்னோடு பேசவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பத்து நிமிடத்தில் இரண்டு பக்கம் ஆகிவிட்டது. தாளை என் பக்கம் தள்ளி, "இந்தா, நீ எழுதியது. திருத்து" என்றார். பத்தே முக்காலுக்கு அச்சுக்குப் போனது. அந்தக் குறிப்பில் பெரிய சொல் எதுவும் இல்லை.

கெடுவோடு போராடிய எழுத்தாளர்களில் தாஸ்தாயெவ்ஸ்கி அளவுக்கு நெருக்கடியில் இருந்தவர்கள் குறைவு. 1866 நவம்பர் 1-க்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்காவிட்டால், அடுத்த ஒன்பது வருடங்களுக்கு அவருடைய படைப்புகளைப் பணம் கொடுக்காமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். அக்டோபர் தொடங்கியும் அவர் அந்த நாவலை ஆரம்பிக்கவில்லை. நண்பர் ஒருவரின் யோசனைப்படி அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்தாளரை வரவழைத்தார். அவர் சொல்ல, அன்னா குறித்துக்கொண்டு போய் வீட்டில் விரித்தெழுதி வருவார். அதை இவர் திருத்துவார். 26 நாளில் "சூதாடி" முடிந்தது. இந்தக் கதையைச் சொல்வது உங்களை விரட்டுவதற்கு இல்லை. அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். சொல்லும் நேரம் வேறு, திருத்தும் நேரம் வேறு. சொல்லும்போது எதிரில் ஒரு காது இருந்தது. வெற்றுத் திரைக்கு எதிரில் உட்காரும்போது இந்த இரண்டுமே கிடைப்பதில்லை.

உங்கள் கைபேசியே உங்களுக்கு அன்னா. ரெக்கார்டரைப் போட்டுவிட்டோ வாய்ஸ் டைப்பிங்கிலோ பேசுங்கள். எதிரில் தங்கையோ நண்பரோ இருந்தால் இன்னும் நல்லது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் நடுவில் நல்ல தூரம் இருக்கிறது. எழுத உட்காரும்போது விஷயத்தை யோசிப்பது ஒரு வேலை, அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறோம். களைத்திருக்கும்போது முதலில் காலை வாருவது இந்த இரண்டாவது வேலைதான். "சொன்னாங்க" என்று மனதில் ஓடுவதை "கூறினார்" என்று மாற்றுவதற்குள் அடுத்த எண்ணம் பறந்துவிடுகிறது. அதனால் முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே கொட்டுங்கள். "அந்தக்கா என்ன பண்ணுவாங்கன்னா, படுக்கறதுக்கு முன்னாடி பெல் ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுவாங்க" என்றே இருக்கட்டும். யாரும் குறை சொல்லப் போவதில்லை. இரண்டாம் தடவை எழுத்து நடைக்கு மாற்றும்போது, எது விலக வேண்டும், எது அப்படியே இருந்தால் உயிரோடு இருக்கும் என்பது தானாகத் தெரியும்.

எழுதிக்கொண்டு போகும்போது ஒரு எண்ணோ பெயரோ தேதியோ தேவைப்பட்டால் தேடப் போகாதீர்கள். தேடப் போனவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வருகிறார்கள், அதுவும் வேறு ஆளாக. அந்த இடத்தில் மூன்று ஆய்த எழுத்தைப் போட்டுவிட்டு மேலே போங்கள்: ஃஃஃ. எந்தத் தமிழ்ச் சொல்லிலும் இப்படி மூன்று சேர்ந்து வராது. கடைசியில் அதைத் தேடினால் எல்லா ஓட்டைகளும் வரிசையாகக் கிடைக்கும், ஒன்றும் தப்பாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஆரம்பித்தார், பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டோம்.

மனநிலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத முடியாமல் தடுமாறிய 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு தோன்றும்போது எழுதியது. ஒரு குழு, அவசரமானதைத் தவிர எதையும் எழுதாமல் இருந்தது. மூன்றாவது குழு மனநிலை எப்படி இருந்தாலும் குறித்த நேரத்தில் எழுதியாக வேண்டும். அந்த மூன்றாவது குழுதான் மற்றவர்களைவிடப் பல மடங்கு பக்கங்கள் எழுதியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, புதிய யோசனைகளும் அந்தக் குழுவுக்குத்தான் அதிகம் வந்தன. யோசனை வந்த பிறகு எழுதுகிறோம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் எழுத ஆரம்பித்த பிறகுதான் யோசனை வருகிறது.

ஒன்பது நாளை எப்படிப் பிரிப்பது? ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குக்கூட 49 என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதனால் உங்களிடம் இருப்பது எட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது நாள் உங்களுக்குச் சொந்தமில்லை. இணையம் வேலை செய்யாமல் போவதற்கும், பேட்டி கொடுத்த ஒருவரை மறுபடி அழைக்க வேண்டியிருப்பதற்கும் அது.

இன்று ஆசிரியரிடம் பேசுவது, அந்த ஒரு வாக்கியம், ஆறு துண்டுகளின் பெயர், அவ்வளவுதான். நாளையிலிருந்து நான்கு நாள் வரைவு: காலையில் 500 சொல், மாலையில் 500 சொல். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் அலாரம் வைத்து எழுதி, ஐந்து நிமிடம் எழுந்து நடந்து, மறுபடி உட்காருங்கள். எண்ணிக்கையை மட்டும் பாருங்கள், தரத்தைப் பார்க்காதீர்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். பேசி எழுதுவதென்றால் விமானப் பயன்முறையில் போட்டு ரெக்கார்டரை மட்டும் திறந்து வையுங்கள். எளிதான துண்டிலிருந்து தொடங்குங்கள், வரிசை முக்கியமில்லை. 500 சொல் ஆனதும், அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், முடிந்தால் அதைப் பாதி எழுதிய நிலையில். பாதியில் நிறுத்திய வேலையை மனம் தானாகவே தொடரப் பார்க்கும் என்பதை மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் 1928-லேயே சோதித்துக் காட்டினார். மறுநாள் உட்காரும்போது வெற்றுத் திரை இருக்காது, பாதி வாக்கியம் காத்திருக்கும்.

ஆறாவது நாள் காலை எழுதாதீர்கள். மாலையில் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்து, பேனாவோடு, உரக்கப் படியுங்கள். மோசமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். நாக்கு தடுக்கும் இடங்களில் கோடு போடுங்கள், அன்றைக்கு அது மட்டும். ஏழாவது, எட்டாவது நாள் இப்போது விலக்கி வைத்த, உங்களுக்குள் இருக்கும் அந்த ஆசிரியரைக் கூப்பிடுங்கள்: துண்டுகளின் வரிசை, விட்டுப்போன ஃஃஃ, நடை, கடைசியாக முதல் பத்தி. அதற்குள் அது ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

தூக்கம் பற்றி. இரவு மூன்று மணி வரை உட்காருவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எழுதவில்லை, உங்களைத் தண்டித்துக்கொள்கிறீர்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் முதலில் போவது முடிவெடுக்கும் தெளிவுதான், உங்களுக்கு இப்போது அதுதான் வேண்டும். கட்டுரை கொடுத்து முடித்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், அது எழுத்தின் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். அப்போது ஒரு மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக அந்த இரண்டு தவறிய அழைப்புகள். இதை நான் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தாமதமாகும் கட்டுரைகளோடு வாழ்வதுதான் ஆசிரியரின் வேலை. பக்கங்களை மாற்றலாம், வேறொன்றை முன்னால் போடலாம், 4,000-ஐ 3,000 ஆக்கலாம். முன்கூட்டித் தெரிந்தால் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. எங்களால் தாங்க முடியாதது மௌனம்தான். பல வருடம் முன்பு ஒருவர் கடைசி நாள் வரை எங்கள் அழைப்பை எடுக்காமல் இருந்து, மாலையில் "முடியவில்லை, மன்னிக்கவும்" என்று ஒரு வரி அனுப்பினார். நான்கு பக்கம் காலியாக நின்றது. நல்ல எழுத்துக்காரர். அவரிடம் நான் மறுபடி கட்டுரை கேட்கவில்லை, அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். பத்து நாள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே போய் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் உங்களை அழைத்தது திட்டுவதற்காக இருக்காது. பக்கம் போடுபவர் அவரைக் கேட்டிருப்பார், அவர் உங்களைக் கேட்கிறார். பேசத் தயக்கமாக இருந்தால் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"உங்கள் அழைப்புகளை எடுக்காததற்கு மன்னியுங்கள். பேட்டிகள் முடிந்துவிட்டன, வரைவு நான் நினைத்ததைவிட மெதுவாகப் போகிறது. இரவுப்பணி செய்பவர்கள் பகல் தூக்கத்துக்காக வீட்டில் நடத்தும் போராட்டத்தை மையமாக வைத்து எழுதுகிறேன். ஐந்தாம் நாள் மாலை முரட்டு வரைவாகப் பாதியை அனுப்பட்டுமா? போகும் திசை சரியா என்று ஒரு வரி சொன்னால் போதும். இறுதிப் பிரதி கெடுவுக்குள் வந்துவிடும்."

இதில் சாக்கு எதுவும் இல்லை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது இருக்கிறது, அவருக்கு வேண்டியது அதுதான். பாதி வரைவை ஐந்தாம் நாள் காட்ட ஒப்புக்கொண்டதும் உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கெடு கிடைத்துவிடும். ஒன்பது நாளுக்கு அப்பால் நிற்கும் பெரிய கெடுவைவிட அது கையாள எளிது.

செய்தியை அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடிவிடுங்கள். நாளைக் காலை முதல் துண்டாக அந்தச் செவிலியரை எழுதுங்கள். அவர் பணி முடிந்து வீடு திரும்பி, கதவைச் சாத்தி, ஸ்விட்சில் கை வைக்கும் இடத்திலிருந்து.